120 கிலோமீட்டர் பந்தயத்துக்கு எந்த இரத்தம்? குறுந்தூரச் சோடி சேர்ப்பது பற்றி

செந்தூல்_தம்பி (கோலாலம்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். குறுந்தூரப் புறாப் பந்தயத்துக்கென்று தனியாக ஒரு சின்னக் குடும்பம் உருவாக்க ஆசை. நாங்கள் பறக்கவிடுவது தெற்குத் தடம். கெமாஸ், சிகாமட் என்று போகும், அங்கே விட்டால் என் கூண்டுக்கு வான்வழியில் 120 முதல் 145 கிலோமீட்டர். ஜொகூர் பாருவில் விட்டால் 290 பக்கம் வரும், அது எனக்கு வேண்டாம். என் வேலை நேரத்துக்குக் காலை பத்து மணிக்குள் முடிகிற பந்தயம்தான் ஒத்துவரும்.

கையில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. ஒருவர் ஜான்சன் என்ற பெல்ஜியம் வழிச் சோடி என்று வம்சாவளித் தாள் காட்டுகிறார், கேட்பது 2,800. இன்னொருவரிடம் ஹெரமன்ஸ் வழி என்று நான்கு இளங்குஞ்சுகள், மொத்தம் 2,000. மூன்றாவது எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) ஒரு சீன அங்கிளின் சோடி. தாள் கிடையாது. ஆனால் அதன் குஞ்சுகள் இரண்டு சீசனாக எங்கள் தடத்தில் முன்னால் வருகின்றன. வயதாகிவிட்டதால் கூண்டைக் குறைக்கிறார், 900க்குத் தருகிறேன் என்கிறார்.

எதை எடுப்பது? அதைவிட, எடுத்த பிறகு எப்படிச் சோடி போடுவது? விவரம் தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் நல்லது.

கெப்போங்_சோடி (கோலாலம்பூர்)

தம்பி, யோசிக்கவே வேண்டாம், ஹெரமன்ஸ். பெல்ஜியத்தில் ஃபோர்செலார் ஊர்க்காரரான லியோ ஹெரமன்ஸ் குறுந்தூரத்தில் பெயர் எடுத்தவர். 2013இல் அவர் புறாக்கள் ஏலத்துக்கு வந்தபோது 'போல்ட்' என்ற ஒரு புறா மட்டும் 310,000 யூரோவுக்குப் போனது. அவ்வளவு பணம் கொடுத்துச் சீனாவுக்குக் கொண்டுபோனவர்கள் ஒன்றும் தெரியாதவர்களா? இரத்தம் என்று ஒன்று உண்டு. தாள் இல்லாத புறாவிலிருந்து ஒரு குஞ்சு, இரண்டு குஞ்சு நன்றாக வரலாம், அடுத்த தலைமுறையில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? குடும்பம் கட்டுவதென்றால் அடித்தளம் தெரிந்திருக்க வேண்டும்.

பாகான்_கூண்டு (பட்டர்வொர்த்)

இதற்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்றுதான் இரவு வரை காத்திருந்தேன்.

இரத்தம் உண்டு, அதில் கெப்போங் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தாளில் இருக்கிற பெயர் வேறு, புறாவின் உடம்பில் இருக்கிற இரத்தம் வேறு. பெல்ஜியத்தில் ஆரண்டோங் என்ற சிற்றூரில் ஜான்சன் சகோதரர்கள் அப்பா காலத்திலிருந்து ஒரே குடும்பத்துப் புறாக்களைத் தங்களுக்குள்ளேயே சோடி போட்டு வளர்த்தார்கள். வெளி இரத்தம் எப்போதாவதுதான் சேரும். இன்று உலகத்தில் எந்தக் குறுந்தூரக் குடும்பத்தை எடுத்தாலும் தோண்டிக்கொண்டே போனால் பெரும்பாலும் அவர்கள் கூண்டில்தான் போய் நிற்கும். அந்த வீட்டின் பெருமை உண்மையான பெருமை.

ஆனால் கணக்குப் பாருங்கள். அவர்களுடைய புகழ்பெற்ற 'அவுட மெர்க்ஸ்' 1967இல் பிறந்த புறா. ஒரு தலைமுறைக்கு மூன்று வருடம் என்று வைத்தாலும் இன்றைக்குப் பதினைந்து தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிதான் வரும். ஐந்தாம் தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, பத்தாம் தலைமுறையில் ஆயிரத்து இருபத்து நான்கில் ஒரு பங்கு. நடுவில் யாராவது பொறுமையாக அந்தப் புறாவையே குறிவைத்து உள்சோடி போட்டிருந்தால்தான் பங்கு கூடும். தாளில் அந்தப் பெயர் ஒரு மூலையில் ஒரே ஒரு தடவை வருகிறதென்றால் அதற்கு 2,800 வெள்ளி கொடுக்க எனக்கு மனம் வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜான்சன் சகோதரர்கள் வெறும் உள்சோடியால் மட்டும் பெயர் எடுக்கவில்லை. பந்தயத்தில் விட்டார்கள், தோற்றதைக் கழித்தார்கள், வென்றதை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கழிக்கிற வேலையை நிறுத்தின நாளிலிருந்து எந்தக் குடும்பமும் வெறும் பெயராகிவிடும். ஆகவே நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தச் சோடியின் பிள்ளைகள், கூடப்பிறந்தவை, அப்பன் அம்மா, இவை நீங்கள் பறக்கிற தூரத்தில், நீங்கள் பறக்கிற தடத்தில் என்ன செய்தன? இதற்குப் பதில் இருக்கிற சோடி மூன்றாவது சோடி மட்டும்தான்.

அங்கிளிடம் போய் முடிவுத் தாள்களைக் கேளுங்கள். வென்ற குஞ்சைப் பற்றி அவரே சொல்வார். வராத குஞ்சைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும். எத்தனை குஞ்சுகளைப் பந்தயக் கூடையில் ஏற்றினார், அவற்றில் எத்தனை முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தன, அதுதான் கணக்கு.

ஜெலுத்தோங்_மாடி (பினாங்கு)

பாகான் அண்ணன் சொன்னதற்கு மேல் தடம் பற்றி ஒரு வார்த்தை. பினாங்குத் தீவில் இருக்கும் எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

தெற்கே ஈப்போவில் விட்டால் ஜார்ஜ் டவுனுக்கு வான்வழியில் சுமார் 120 கிலோமீட்டர். வடக்கே அலோர் ஸ்டாரில் விட்டால் 80 பக்கம், ஹாட்யாயில் விட்டால் 175 பக்கம். எங்கிருந்து விட்டாலும் கூட்டம் முதலில் பெருநிலத்துக்கு மேல்தான் வரும். அங்கே கூண்டு வைத்திருப்பவர்களின் புறாக்கள் இறங்கும்போது எங்கள் புறாவும் சேர்ந்து ஒரு வட்டம் அடிக்கும், அப்புறம்தான் நீரிணையைத் தாண்டும். அந்த ஒரு வட்டத்தில் பந்தயம் போய்விடும். தீவில் ஜெயிக்கிற புறா பத்து, இருபது கிலோமீட்டர் முன்னாலேயே கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாகத் தண்ணீரைப் பார்த்து வருகிற புறா. அதன் வேகம் மற்றவற்றைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகம் இல்லை, தைரியம்தான் அதிகம்.

எங்கள் பக்கம் வெளிநாட்டு வழியில் பெயர் பெற்ற புறாக்கள் நிறைய வந்தன. பட்டர்வொர்த்தில் வென்ற குடும்பங்கள் சில தீவுக்கு வந்ததும் நடுவில் நின்றுவிட்டன. கூட்டத்தோடு பறக்கிற குணமும் இரத்தத்தில்தான் வருகிறது என்று நான் நம்புகிறேன். ஆகவே நான் இனப்பெருக்கத்துக்கு வைப்பது தனியாக வந்த புறாவை. கூட்டத்தோடு வந்து கூண்டின் நுழைவாயிலான பொறியில் முந்தி முதல் பரிசு வாங்கினதைவிட, ஐந்து நிமிடம் கழித்து யாரும் இல்லாத வானத்தில் தனியாக வந்த இரண்டாம் புறாவை நான் மேலாக எடுப்பேன். முடிவுத் தாளில் இது தெரியாது. கூண்டின் முன்னால் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கெப்போங்_சோடி

தனியாக வருவது நல்லதுதான் அண்ணே. ஆனால் கண்ணைப் பார்க்காமல் சோடி போட மாட்டேன். கருவிழியைச் சுற்றி இருக்கிற வளையம், அதன் நிறம், அகலம், இதெல்லாம் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் இனப்பெருக்கப் புறாவை எடுப்பார்கள். குறுந்தூரத்துக்கு அகலமான சிறகு, குட்டையான முன்கை.

பூச்சோங்_பறவை (கோலாலம்பூர் பக்கம்)

கண் வளையம் பற்றி வருடக்கணக்கில் பேச்சு ஓடுகிறது. முதல் பரிசு வாங்கின புறாவின் கண்ணையும் பாதியில் திரும்பாமல் போன புறாவின் கண்ணையும் படமாக வைத்துப் பெயர் சொல்லாமல் கொடுத்தால் பிரித்துச் சொல்லும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. கையில் பிடித்துப் பார்ப்பது தேவை. நெஞ்செலும்பு நேராக இருக்கிறதா, பின்பக்க எலும்பு இறுக்கமா, இறகு பட்டுபோல இருக்கிறதா, தொண்டை சுத்தமா, இவை ஆரோக்கியத்தைச் சொல்லும். வீட்டுக்கு நேராக வரும் புத்தியைக் கை சொல்லாது.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம், ஏனென்றால் 'வேகப் புறா' என்றால் குதிரைப் பந்தயக் குதிரை மாதிரி வேறு வகைத் தசை என்று பலர் நினைக்கிறார்கள். புறாவின் நெஞ்சுத் தசையில் பெரும்பகுதி சிவப்பு நார். கொழுப்பை எரித்து மணிக்கணக்கில் உழைக்கிற நார் அது. திடீரென்று எழும்பவும் இறங்கவும் வெள்ளை நார் உதவும். குறுந்தூரப் புறாவும் முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு பெரும்பாலும் கொழுப்பில்தான் பறக்கிறது. அதனால் குறுந்தூரத்துக்கு வெறும் பார்லி போட்டு ஒல்லியாக வைப்பது நம் ஊரில் ஆபத்து. பெல்ஜியத்தில் 'கீவ்ரான்' பந்தயம் என்பார்கள், ஆண்ட்வெர்ப் பக்கத்துக் கூண்டுகளுக்கு நூறு கிலோமீட்டரைச் சுற்றி வரும். அங்கே அதைக் குளிர்ந்த காலையில் பறக்கிறார்கள். இங்கே ஏழரை மணிக்கு விட்டால் ஒன்பது மணிக்குள் வெயில் ஏறி, காற்றில் ஈரம் நிறைந்து, புறா வாயைத் திறந்தபடி வருகிறது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், அதற்கு உடம்புத் தண்ணீர் செலவாகும். நம் 145 கிலோமீட்டர் அவர்களுடைய 145 கிலோமீட்டர் இல்லை. சிறிய, இலேசான, வந்து இறங்கியதும் சீக்கிரம் மூச்சு அடங்குகிற புறாவுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

பொறியைப் பற்றியும் ஒரு கணக்கு. 120 கிலோமீட்டரை நூறு நிமிடத்தில் வந்தால் நிமிடத்துக்கு 1,200 மீட்டர். கூரை மேல் அரை நிமிடம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போனால் 1,194. அந்த ஆறு மீட்டருக்குள் நம் கிளப் முடிவுத் தாளில் பத்து, பன்னிரண்டு புறாக்கள் நிற்கும். உட்காராமல் நேராக உள்ளே போகிற பழக்கத்தில் பாதி வளர்ப்பு, பாதி சுபாவம். பயந்த சுபாவமுள்ள தாய் வளர்க்கும் குஞ்சும் பயந்ததாகவே வருகிறது.

செந்தூல்_தம்பி

இன்று அங்கிளைப் பார்த்தேன். முடிவுத் தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார். இந்தச் சோடியிலிருந்து கூடையில் ஏற்றியது ஒன்பது குஞ்சு. நான்கு முதல் பத்து சதவீதத்துக்குள் ஒரு தடவைக்கு மேல் வந்திருக்கின்றன. இரண்டு திரும்பி வரவில்லை. மீதி சுமார். ஆண் நீலப் பார் (சிறகில் இரண்டு கறுப்புக் கோடு), பெட்டையும் நீலப் பார். ஆனால் முன்னால் வந்த நான்கில் ஒன்று செக்கர் (சிறகில் கட்டம் கட்டமாகப் புள்ளி) என்று தாளில் எழுதியிருக்கிறது.

அப்புறம் பெட்டைக்கு ஏழு வயது. அது யோசனையாக இருக்கிறது.

பூச்சோங்_பறவை

நல்ல கணக்கு, ஒன்பதில் நான்கு என்பது சாதாரணம் இல்லை. ஆனால் அந்தச் செக்கர் குஞ்சு இந்தச் சோடியின் பிள்ளை இல்லை. செக்கர் குணம் பாருக்கு மேல் ஓங்கி நிற்பது. அப்பன் அம்மா இரண்டும் பார் என்றால் செக்கர் வராது. திறந்த கூண்டில் பெட்டை வேறு ஆணோடு சேர்ந்திருக்கலாம், அல்லது முட்டை மாறியிருக்கலாம். அங்கிள் மேல் குறை இல்லை, கூட்டமாக வளர்க்கிற கூண்டில் இது நடக்கிறதுதான். அப்போதும் எட்டில் மூன்று. வாங்கலாம். கூடவே அந்தச் செக்கருக்கு அப்பன் யார் என்று தேடுங்கள், அதுவும் வேண்டிய புறாவாக இருக்கலாம்.

பாகான்_கூண்டு

தேடத்தான் வேண்டும். அந்தப் பெட்டையின் பிள்ளையாகவே இருந்து அப்பன் மட்டும் வேறு என்றால், பெட்டைதான் இந்தக் குடும்பத்தின் உயிர். இரண்டு ஆணோடும் நல்ல பிள்ளை கொடுத்திருக்கிறாள் என்று அர்த்தம். இதைத்தான் நாம் வேண்டுமென்றே செய்து பார்ப்போம். ஒரு ஆணுக்கு இரண்டு பெட்டை, ஒரு பெட்டைக்கு இரண்டு ஆண் என்று மாற்றிப் போட்டால்தான் நல்லது யாரிடமிருந்து வருகிறது என்று தெரியும். ஒரே சோடியாகவே வைத்திருந்தால் கடைசி வரை தெரியாது.

ஏழு வயதுக்குப் பயப்படாதீர்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். முட்டை போட்டதும் எடுத்து ஒரு சாதாரண வளர்ப்புச் சோடிக்கு மாற்றிவிடுங்கள். பத்து நாள் வாக்கில் மறுபடி முட்டை போடுவாள். இப்படி இரண்டு தடவை மாற்றி, மூன்றாவதை அவளையே அடைகாக்க விட்டு, அப்புறம் ஆணைப் பிரித்து ஓய்வு கொடுங்கள். விடாமல் முட்டை வாங்கினால் ஓடு மெலியும், குஞ்சும் சோர்வாக வரும். கிரிட் (அரைவைக்கான பொடிக்கல்), சுண்ணாம்புச் சத்து எப்போதும் முன்னால் இருக்கட்டும்.

செபராங்_ஜெயா_அக்கா (பினாங்கு)

தம்பி, ஆண்கள் எல்லாரும் இரத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள், நான் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஐரோப்பாவில் கூண்டை இருட்டாக்குவது, விளக்கு போடுவது என்று இறகு உதிர்வதை அடக்குவார்கள். அவர்களுக்குக் கோடையில் பகல் மிக நீளம், குளிர்காலத்தில் மிகக் குட்டை, அதனால் அந்த வித்தை பலிக்கிறது. நமக்கு வருடம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம். புறா எந்த மாதமும் முட்டை போடும், இறகும் இஷ்டத்துக்கு உதிரும். நாம் கட்டுப்படுத்த முடிவது ஆணையும் பெட்டையையும் பிரிப்பதையும் தீனியையும்தான். ஆகவே குஞ்சு எந்த மாதம் பொரிக்க வேண்டும் என்று பந்தயத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அடைகாப்பு பதினெட்டு நாள், குஞ்சைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்க நான்கு வாரம், அப்புறம் வெளியே பறந்து பழகி, கூடையில் போய்ப் பழக மூன்று மாதமாவது வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று சமயத்தில் விடிகாலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து வருகிற புயல்மழை மேற்குக் கரையை அடிக்கும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புகைமூட்டமும் வரலாம். 2015, 2019இல் எவ்வளவு மோசம் என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். இளம் குஞ்சுகளின் முதல் பயிற்சி அந்தச் சமயத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் தாண்டினால் வடக்கிலிருந்து வல்லூறு இறங்கும். நல்ல இரத்தத்தையே வல்லூறுக்குக் கொடுத்துவிட்டு, இந்தக் குடும்பம் வீடு திரும்பாது என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்று கொசு. அம்மை கொசுவால் பரவும். வாயிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்த குஞ்சு அந்தச் சீசனுக்கு ஆகாது. வலை அடியுங்கள், அம்மைக்கும் பாராமிக்ஸோ வைரசுக்கும் தடுப்பூசி போடுங்கள். கூண்டில் நோய் இருக்கும்போது செய்கிற தேர்வு எதுவும் தேர்வே இல்லை. எந்தப் புறா நல்லது என்று தெரியாது, எதற்கு நோய் வரவில்லை என்று மட்டும்தான் தெரியும்.

செந்தூல்_தம்பி

அக்கா, மிக்க நன்றி. ஒரு கேள்வி எல்லாருக்கும். இந்தச் சோடியின் பிள்ளைகளைத் தங்களுக்குள்ளேயே போடலாமா? அண்ணன் தங்கை, அப்பன் மகள் என்று?

பூச்சோங்_பறவை

அப்பன் மகள், கூடப்பிறந்தவை என்றால் உள்கலப்பு 25 சதவீதம். அப்பனோ அம்மாவோ ஒருவர் மட்டும் ஒன்றான சகோதரர், தாத்தா பேத்தி என்றால் 12.5. முதல் தலைமுறையிலேயே 25க்குப் போனால் பொரிக்காத முட்டை, சோர்ந்த குஞ்சு கூடும். அந்தக் குஞ்சுகளைப் பந்தயத்தில் விட்டு ஏமாற வேண்டாம். அவை வெளிச் சோடியோடு கலக்கத்தான். இரண்டு வேறு குடும்பத்தை ஒவ்வொன்றும் உள்ளுக்குள் இறுக்கி, அப்புறம் ஒன்றோடு ஒன்று கலக்கும்போதுதான் துள்ளலான பந்தயப் புறா வரும்.

பெட்டைதான் உயிர் என்று அண்ணன் சொன்னார் அல்லவா, அப்படியானால் இதைக் கவனியுங்கள். ஆண் புறாவுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒன்றுதான். அந்த ஒன்று மகனுக்குப் போகும், மகளுக்குப் போகாது. மைட்டோகாண்ட்ரியா எல்லாப் பிள்ளைக்கும் தாயிடமிருந்து வரும், ஆனால் அடுத்த தலைமுறைக்கு மகள் வழியாக மட்டுமே போகும். ஆகவே அவளிடமிருந்து நல்ல மகன் ஒன்று, நல்ல மகள் ஒன்று, இரண்டையும் பறக்கவிட்டுச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய மகனைப் பேத்திக்குப் போடுவது அவள் இரத்தத்தைச் சேர்த்துப் பிடிக்க நல்ல வழி, பேத்தி வேறொரு பிள்ளை வழி வந்தவளாக இருந்தால்.

கெப்போங்_சோடி

சரி, 900 போக 2,100 மிச்சம் இருக்கிறதே. அந்த ஹெரமன்ஸ் குஞ்சுகளில் இரண்டை வாங்கிக் கலக்கலாம் என்பது என் கருத்து. இரண்டாவது குடும்பம் வேண்டும் என்று பூச்சோங்கே சொல்லிவிட்டார்.

ஜெலுத்தோங்_மாடி

கலக்க வேண்டும், ஆனால் யாரும் சோதிக்காத குஞ்சோடு வேண்டாம். உங்கள் தடத்தில் வருகிற நல்ல புறாவின் சொந்தக்காரரிடம் போய், அதன் கூடப்பிறந்த பெட்டை ஒன்று கேளுங்கள். வென்ற புறாவைத் தர மாட்டார்கள், தங்கையைத் தருவார்கள். விலையும் ஐந்நூறைத் தாண்டாது.

கெப்போங்_சோடி

ஹெரமன்ஸ் குஞ்சுகளையும் பறக்கவிட்டுப் பார்த்தால் சோதித்ததாகிவிடும். இளங்குஞ்சுதானே, புதுக் கூண்டுக்குப் பழகும். வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய புறா என்றால் பழைய கூண்டைத் தேடிப் போய்விடும், கதவைத் திறக்க முடியாது, இவை அப்படி இல்லை. இரண்டு வாங்கி, அங்கிள் குஞ்சுகளோடு ஒரே கூடையில் அனுப்புங்கள். அப்போது யார் சொன்னது சரி என்று கெமாஸே சொல்லிவிடும்.

பாகான்_கூண்டு

இது நியாயமான பேச்சு. எனக்கு இதில் மறுப்பு இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன் அவற்றின் அப்பன் அம்மாவைக் கையில் பிடித்துப் பார்க்கக் கேளுங்கள், முடிவுத் தாளையும் கேளுங்கள். காட்ட மறுத்தால் நடையைக் கட்டுங்கள். கூண்டுக்குக் கொண்டுவந்ததும் மூன்று வாரம் தனியாக வைத்துவிட்டுத்தான் மற்றதோடு சேர்க்க வேண்டும்.

செந்தூல்_தம்பி

அங்கிளுக்குப் பணம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சோடியைக் கொண்டுவருகிறேன். அவர் கூண்டில் செக்கர் ஆண் மூன்று இருக்கின்றன. அந்த வருடம் எது எங்கே கூடு வைத்திருந்தது என்று யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஹெரமன்ஸ்காரர் அப்பன் அம்மாவைக் காட்ட ஒத்துக்கொண்டார், அடுத்த வாரம் போகிறேன். வளர்ப்புச் சோடிக்கு என்னிடம் இருக்கிற பழைய ஹோமர் (வீடு திரும்பும் சாதாரணப் புறா) இரண்டு சோடி போதுமா?

செபராங்_ஜெயா_அக்கா

போதும். ஆனால் வளர்ப்புச் சோடியும் இரண்டு நாளுக்குள் முட்டை போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு பொரிக்கும்போது அவற்றின் தொண்டையில் பால் சுரந்திருக்காது. ஆகவே எல்லாச் சோடியையும் ஒரே நாளில் சேர்த்து வையுங்கள். மாற்றுகிற முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதியும் தாயின் கால் வளைய எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் எழுதுங்கள். பேனா வேண்டாம். குஞ்சுக்கு ஆறாம் ஏழாம் நாள் வளையம் போடும்போது அதே எண்ணை நோட்டில் ஏற்றிவிடுங்கள், செக்கர் கதை மறுபடி வராது.